மரபணு என்றால் பரம்பரை நோயா?

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரை. உறுப்பினர்கள் பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க, எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)

 

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்பட்டதும் இமாம் எழுந்து மார்க்க உபதேசம் செய்வது நம் வழக்கம். இவ்வாண்டு அந்த வழக்கத்திலிருந்து சற்று விலகி, மனித உடலில் உள்ள ஒரு மரபணுவைப் பற்றி உங்களிடம் பேசப் போகிறோம். மதரஸாவில் ஓதிய ஓர் ஆலிமுக்கும் மரபணுவுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணக்கூடும். அந்தக் கேள்வி நியாயமானதே. நாம் மருத்துவர் அல்லர். ஆயினும், அறியாமையினால் நாம் காத்த மௌனம் ஒன்று இந்த மஹல்லாவில் ஒரு குடும்பத்தைக் காயப்படுத்தியது. அதற்குப் பரிகாரம் தேடும் கடமை நமக்கு உண்டு. அதனால்தான் இந்தத் தலைப்பு.

நிகழ்ந்தது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சம்பந்தம் பேசப்பட்டது. இரு வீட்டாரும் நமக்குத் தெரிந்தவர்கள். பேச்சு முடிந்து நிக்காஹுக்கு நாள் குறிக்கும் நிலை. பெண்ணின் தாயார் அப்போது மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தார். பெண் வீட்டார் அதை மறைக்கவில்லை. நேர்மையுடன் எடுத்துச் சொல்லி, மருத்துவக் கோப்பையும் காட்டினார்கள். அந்தக் கோப்பிலிருந்த ஓர் அறிக்கையில், "ஹெர்-2 மரபணு பெருக்கம் உள்ளது" என்னும் பொருள்பட ஒரு வரி இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக் கொண்டார். "மரபணு என்று எழுதியிருக்கிறதே! மரபணு என்றால் மரபு வழியாக வருவதுதானே? தாய்க்கு இருந்தால் மகளுக்கும் இருக்கும், மகளுக்கு இருந்தால் நாளை நம் பேரப் பிள்ளைகளுக்கும் வரும்" என்றார். நம்மிடமும் வந்து கேட்டார்கள். நாம் அப்போது என்ன சொன்னோம்? "எதற்கும் நன்றாக விசாரித்துக் கொள்ளுங்கள்" என்று சொன்னோம். கேட்பதற்கு அது நடுநிலையான வார்த்தை. ஆனால், தயங்கிக் கொண்டிருப்பவரிடம் இமாம் அப்படிச் சொன்னால், அது "வேண்டாம்" என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அவ்வாறே ஆயிற்று. சம்பந்தம் முறிந்தது.

அடுத்த வாரம் இஷா தொழுகைக்குப் பின் பெண்ணின் தந்தை பள்ளியில் தனியே அமர்ந்திருந்தார். அருகில் சென்றோம். அவர் நம்மைப் பழிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஹஜ்ரத், எங்கள் இரத்தத்திலேயே குறை இருக்கிறது என்று நீங்களும் நினைக்கிறீர்களா?" நம்மிடம் பதில் இல்லை. அன்றிரவு நமக்கு உறக்கமும் இல்லை. பின்னர், நமக்கு அறிமுகமான புற்றுநோய் மருத்துவர் ஒருவரை அணுகி, பல மாலை வேளைகளில் அவர் முன் மாணவனாக அமர்ந்து, அந்த வரியின் பொருளைக் கேட்டுத் தெரிந்து கொண்டோம். தெரிந்து கொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

மரபணுவும் ஏற்பியும்

நம் உடல் கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் 23 இணைகளாக 46 குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தை தந்தது. மற்றொன்று தாய் தந்தது. இவற்றை ஒரு பெரிய ஏட்டுக்கு ஒப்பிடலாம். ஒரு பெற்றோரிடமிருந்து வரும் பங்கில் மட்டும் சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ளன. அந்த ஏட்டில், ஒரு புரதத்தைச் செய்வது எப்படி என்று சொல்லும் பத்தி ஒவ்வொன்றும் ஒரு மரபணு. அத்தகைய மரபணுக்கள் மனிதனிடம் சுமார் 20,000 உள்ளன. ஆகவே, மரபணு என்பது நோயின் பெயரன்று. ஆரோக்கியமான மனிதரின் உடலும் மரபணுக்களின் சொற்படியே நடக்கிறது. இதை முதலில் மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள்.

நாம் பேசப்போகும் மரபணு 17ஆவது குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது. அறிவியலார் அதை ஈ.ஆர்.பி.பி.2 என்று குறிப்பர். மருத்துவமனைகளில் ஹெர்-2 என்பர். இங்கு அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் அது உண்டு. ஆண்களிடமும் உண்டு, பெண்களிடமும் உண்டு. தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரிடமும் இரண்டு உண்டு. நம்மிடமும் இரண்டு உண்டு.

இந்த மரபணு சொல்லிச் செய்யும் புரதம் ஓர் ஏற்பி. உயிரணுவைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு மதில்போல் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் செய்தி அந்த மதிலைத் தாண்டி உள்ளே செல்ல வழி வேண்டுமல்லவா? அதற்காக மதிலில் பதிக்கப்பட்ட புரதங்களே ஏற்பிகள். ஹெர்-2 புரதம் 1255 அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்யப்படுகிறது. அதன் ஒரு பாதி மதிலுக்கு வெளியே நிற்கிறது. மறுபாதி உள்ளே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் சிறு துண்டு மதிலை ஊடுருவி நிற்கிறது. வெளிப்பாதியைச் செவி என்றும் உட்பாதியைக் கை என்றும் வைத்துக் கொள்வோம். செவி செய்தியைக் கேட்கும். கை, உள்ளேயிருக்கும் புரதங்களின் மீது பாஸ்பேட் என்னும் சிறு முத்திரையைக் குத்தும். முத்திரை பெற்ற புரதம் அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, இறுதியில் "வளர்க, இரண்டாகப் பிரிக" என்னும் கட்டளை உயிரணுவின் நடுவைச் சென்றடையும். தோல் புதுப்பிக்கப்படுவதற்கும் காயம் ஆறுவதற்கும் குழந்தை வளர்வதற்கும் இத்தகைய கட்டளைகள் வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் நான்கு உடன்பிறப்புகள் உண்டு: ஹெர்-1, ஹெர்-2, ஹெர்-3, ஹெர்-4. ஒன்று தனித்து நின்றால் வேலை நடவாது; இரண்டிரண்டாகச் சேர்ந்தால்தான் கை முத்திரை குத்தும். இதில் ஓர் அற்புதத்தைக் கவனியுங்கள். ஹெர்-2இன் செவிக்கென்று வந்து பொருந்தும் செய்திப் பொருள் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. ஆனால் அதன் கை மிக வலியது. ஹெர்-3இன் செவி நன்றாகக் கேட்கும். அதன் கையோ ஏறக்குறைய வலுவிழந்தது. கேளாத செவியுடைய ஒருவரும் வலுவற்ற கையுடைய ஒருவரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும்போது, நான்கு உடன்பிறப்புகளின் இணைகளிலேயே மிக வலிய இணை அதுவாகி விடுகிறது. ஒருவர் குறையை மற்றவர் நிறைப்பது ஜமாஅத்தில் மட்டுமன்று, உயிரணுவின் மதிலிலும் நடக்கிறது.

ஒரே மரபணுவுக்கு மூன்று பெயர்கள்

இந்த மரபணு கண்டறியப்பட்ட வரலாறு சுருக்கமாகச் சொல்லத் தக்கது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் வைன்பர்க் என்பவரின் ஆய்வுக் குழுவினர், எலிகளின் நரம்பு மண்டலப் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்தபோது, புற்றைத் தூண்டும் ஒரு மரபணுவைக் கண்டனர். நரம்பைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்துகளைக் கொண்டு அதற்கு "நியூ" என்று பெயரிட்டு, 1984இல் விரிவாக எழுதினர். 1985இல் கலிபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தில் ஆக்சல் உல்ரிச் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் மனித மரபணு ஒன்றைப் பிரித்தெடுத்து, அதற்கு "ஹெர்-2" என்று பெயரிட்டனர். கோழிகளைத் தாக்கும் ஒரு வைரசிலிருந்து வந்த பெயர் "ஈ.ஆர்.பி.பி.". மூன்று ஊர்களில் மூன்று பெயர்களால் அழைக்கப்பட்டாலும் ஆள் ஒருவரே என்பதுபோல, மூன்றும் ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று.

எலிகளின் கட்டியில் நேர்ந்தது ஓர் எழுத்துப்பிழை. மரபணுவின் ஒரேயோர் எழுத்து மாறியதால், செய்தி வராமலேயே ஏற்பியின் கை முத்திரை குத்தத் தொடங்கிற்று. மனிதர்களின் மார்பகப் புற்றிலும் அத்தகைய பிழை இருக்கும் என்றே முதலில் எண்ணினர். ஆனால் 1987இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தைச் சேர்ந்த டெனிஸ் ஸ்லாமன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 189 பெண்களின் மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. அக்கட்டிகளில் சுமார் 30 விழுக்காட்டில், இந்த மரபணுவின் பிரதிகள் பெருகியிருந்தன. சிலவற்றில் 20 மடங்குக்கும் மேல்! பிரதிகள் பெருகிய நோயாளிகளுக்கு நோய் விரைவில் திரும்பிற்று, ஆயுளும் குறைந்தது. பின்னர் நடந்த பரந்த ஆய்வுகளின்படி, மார்பகப் புற்றுகளில் 15 முதல் 20 விழுக்காடு வரை இவ்வகையைச் சேர்ந்தவை.

பிழை எங்கே நேர்ந்தது?

பெருக்கம் என்பதை ஓர் உவமையால் விளக்குவோம். பழைய நாளில் ஏடுகளைக் கையால் படியெடுக்கும் எழுத்தர்கள் இருந்தார்கள். நல்லதொரு மூல ஏட்டைப் பார்த்துப் படியெடுக்கும் எழுத்தர் ஒருவர், கண் தடுமாறி ஒரு பத்தியை இரண்டாம் முறை எழுதி விடுகிறார். அந்தப் படியைப் பார்த்து எழுதும் அடுத்தவர் நான்கு முறை எழுதுகிறார். அதற்கடுத்தவர் பத்து முறை. பத்தியில் ஓர் எழுத்தும் பிழையில்லை. ஆனால் ஒரு முறை சொல்ல வேண்டியது இருபது முறை சொல்லப்படுகிறது. மார்பகத்தின் ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது தன் ஏட்டைப் படியெடுக்க வேண்டும். அப்படிப் படியெடுக்கையில் ஹெர்-2 பத்தி பெருகி விடுவதே இந்நோயில் காணப்படும் பெருக்கம். இயல்பான உயிரணுவின் மதிலில் சில பத்தாயிரம் ஹெர்-2 ஏற்பிகள் நிற்கும். பெருக்கம் நேர்ந்த உயிரணுவின் மதிலிலோ அவை 20 இலட்சம் வரையிலும் நெருங்கி நிற்கலாம். நெருக்கத்தில் ஒன்றோடொன்று தாமாகவே இணைகின்றன; வெளியிலிருந்து யாரும் செய்தி அனுப்பாமலேயே "வளர்க, வளர்க" என்று உள்ளே கட்டளை போய்க்கொண்டே இருக்கிறது. ஓய்வறியாத அந்த வளர்ச்சிதான் கட்டி.

இப்போது அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். படியெடுத்தவர் செய்த பிழை மூல ஏட்டைக் கெடுக்குமா? கெடுக்காது. இந்தப் பெருக்கம் அந்தத் தாயாரின் பிறப்பில் வந்ததன்று. பிறந்து, வளர்ந்து, நடுவயதை எட்டிய பின்னர், மார்பகத்தின் ஓர் உயிரணுவில் நேர்ந்தது. அவருடைய இரத்தத்தின் வெள்ளணுக்களை எடுத்துப் பார்த்தால் அவற்றில் ஹெர்-2 இரண்டே பிரதிகள்தான் இருக்கும். அவர் மகளுக்குத் தந்த கருமுட்டையில், எல்லாத் தாய்மாரும் தருவதுபோல், ஒரே பிரதிதான் இருந்தது. கட்டியில் உள்ள பெருக்கம் கட்டியோடு நின்று விடும். அது பிள்ளைகளுக்கு இறங்காது, கணவருக்குத் தொற்றாது, ஒரே பாத்திரத்தில் உண்பதால் பரவாது. "மரபணு" என்னும் சொல்லில் "மரபு" இருப்பதால் அது பரம்பரை நோய் என்று நாம் முடிவு கட்டியது, சொல்லைப் பார்த்துப் பொருளைத் தவறவிட்ட பிழையாகும். "உங்கள் இரத்தத்தில் குறையில்லை" என்று அன்றே நாம் சொல்லியிருக்க வேண்டும்.

உண்மையை முழுமையாகச் சொல்வதும் நம் கடமை. மார்பகப் புற்றுகளில் ஒரு சிறு பகுதி, 5 முதல் 10 விழுக்காடு வரை, பெற்றோரிடமிருந்து வரும் மரபணுப் பிழைகளால் நேர்வது உண்டு. அவற்றுள் பெயர் பெற்றவை பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் வேறு இரு மரபணுக்கள். அவற்றுக்குத் தனிப் பரிசோதனை உண்டு. இளவயதிலேயே நோய் கண்டவர்களும், ஒரே குடும்பத்தில் பலருக்கு மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்தவர்களும் அதுபற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பிழையும் தாய் வழியே மட்டும் வருவதன்று. தந்தை வழியேயும் அதே அளவு வரும். மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி வாய்ப்பு. அப்படியிருக்க, பெண்ணின் தாயை மட்டும் விசாரித்து, மாப்பிள்ளையின் தந்தை வழியை விசாரிக்காமல் விடுவது எந்த வகை நியாயம்? பரம்பரையாக வருவதும்கூட எச்சரிக்கையாக இருக்க வேண்டிய செய்தியே தவிர, ஒரு குடும்பத்தின் மீது குத்தப்படும் களங்கமாகாது.

நோயே மருந்துக்கு வழி காட்டியது

எந்த ஏற்பி மதிலில் நெருங்கி நின்று நோயை வளர்த்ததோ, அதுவே மருந்து வந்து பற்றுவதற்கும் இடமாயிற்று. வெளிப்பாதி மதிலுக்கு வெளியே நிற்கிறதல்லவா? அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் ஒன்றைச் செய்தால் என்ன என்று எண்ணினர். எலியின் உடலிலிருந்து பெற்ற அத்தகைய எதிர்ப்புரதத்தை, மனித உடல் அந்நியமென்று தள்ளாதவாறு, பெரும்பகுதி மனிதப் புரதமாக மாற்றியமைத்து 1992இல் வெளியிட்டனர். அதுவே ட்ராஸ்டுஸுமாப் என்னும் மருந்து. ஹெர்செப்டின் என்பது அதன் முதல் வணிகப் பெயர். அது ஏற்பியின் வெளிப்பாதியில், மதிலை ஒட்டிய இடத்தைப் பற்றுகிறது. உள்ளே செல்லும் கட்டளையைக் குறைக்கிறது. "இவ்வுயிரணுவைத் தாக்குக" என்று உடலின் காவல் அணுக்களுக்கு அடையாளமும் காட்டுகிறது.

1998 செப்டம்பரில் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில், நோய் உடலின் பிற பாகங்களுக்குப் பரவிவிட்ட 469 பெண்கள் பங்கேற்றனர். கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் சுமார் 20 மாதங்கள்; இம்மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது சுமார் 25 மாதங்கள். ஐந்து மாதங்கள்தானா என்று கேட்காதீர்கள். நோய் பரவிய பின் கிடைத்த பலன் அது. நோய் பரவுமுன், அறுவைச் சிகிச்சைக்குப் பின் இதனைச் சேர்த்துத் தந்த ஆய்வுகளின் முடிவு 2005இல் வெளிவந்தது. நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. மருந்து ஒன்றே, ஆரம்பத்தில் வந்தவர்களுக்கும் தாமதித்து வந்தவர்களுக்கும் பலன் வேறு. இந்த ஒரு செய்தியைத் திரைக்கு அப்பால் இருக்கும் நம் தாய்மார்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

இம்மருந்துக்கு ஒரு கவனிப்பு தேவை. ஹெர்-2 ஏற்பி இதயத்திற்கும் வேண்டியது. இந்த மரபணு நீக்கப்பட்ட எலிக் கருக்கள், இதயம் சரிவர உருவாகாமல் தாயின் வயிற்றிலேயே இறந்ததை 1995இல் ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவே, இம்மருந்தை வேறொரு வகைக் கீமோ மருந்துடன் ஒரே காலத்தில் கொடுத்தபோது, முன் சொன்ன ஆய்வில் அவ்வாறு பெற்றவர்களுள் 27 விழுக்காட்டினருக்கு இதயப் பாதிப்பு காணப்பட்டது. இன்று அவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கிறார்கள். மாதங்கள் சில கழியுந்தோறும் எக்கோ பரிசோதனை செய்கிறார்கள். மருந்தால் வரும் தளர்ச்சி பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் மீள்கிறது. நடந்தால் மூச்சு வாங்குவதையோ கால் வீங்குவதையோ "கீமோவின் களைப்பு" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஓராண்டுக் காலம் இம்மருந்து தரப்படுகிறது. தொடக்க ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கவும் இயலாத விலை இருந்தது. 2013இல் உரிமையாளர் நிறுவனம் இந்தியாவில் அதன் காப்புரிமையைத் தொடராமல் விட்டது. 2014இன் தொடக்கத்தில் பெங்களூரு நிறுவனம் ஒன்று தயாரித்த ஒத்த மருந்து சந்தைக்கு வந்தது. அதன் பின் வேறு நிறுவனங்களும் வந்தன, விலை இறங்கிற்று. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் இதனை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பின்னர், இதே எதிர்ப்புரதத்தின் முதுகில் கீமோ மருந்தை ஏற்றி, கட்டியின் உயிரணுவுக்குள்ளேயே கொண்டு சேர்க்கும் மருந்துகளும் வந்துள்ளன. அவற்றுள் ஒன்றை, ஏற்பி குறைந்த அளவில் மட்டும் உள்ள பரவிய நோய்க்கும் தரலாம் என்று 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இரைப்பைப் புற்றிலும் ஒரு பகுதியினருக்கு இதே பெருக்கம் உண்டு. அவர்களுக்கும் 2010 முதல் இம்மருந்து பயன்படுகிறது. உல்ரிச், ஸ்லாமன், ஜெனன்டெக்கின் மைக்கேல் ஷெப்பர்ட் ஆகிய மூவருக்கும் 2019இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

அறிக்கையைப் படிப்பது எப்படி?

உங்களில் யாருக்கேனும் இத்தகைய அறிக்கை கைக்கு வந்தால் கலங்க வேண்டாம். கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டில் ஐ.எச்.சி. என்னும் சாயச் சோதனை செய்வார்கள். ஏற்பி எவ்வளவு உள்ளது என்பதை 0, 1+, 2+, 3+ என்று எழுதுவார்கள். 0, 1+ என்றால் "எதிர்மறை". 3+ என்றால் "நேர்மறை". 2+ என்றால் ஐயத்திற்குரியது. அப்போது ஃபிஷ் என்னும் மற்றொரு சோதனையால் மரபணுவின் பிரதிகளை நேரடியாக எண்ணிப் பார்ப்பார்கள். அந்த இரண்டாம் சோதனைக்குச் செலவு கூடும் என்று அதை விட்டுவிடாதீர்கள். எந்த மருந்து என்பதை அதுவே தீர்மானிக்கும். "ஹெர்-2 நேர்மறை" என்னும் சொல் முன்பு அச்சம் தந்தது. இன்று அதற்கென்றே மருந்து இருக்கிறது என்னும் செய்தியையும் சேர்த்துச் சொல்கிறது.

ஜமாஅத்திடம் நம் வேண்டுகோள்

அருமைச் சகோதரர்களே! இவ்வளவும் சொன்னது அறிவை வளர்ப்பதற்காக மட்டுமன்று. நான்கு வேண்டுகோள்கள் உள்ளன.

முதலாவது, சம்பந்தம் பேசும்போது ஒருவர் தாயின் நோயைக் காரணம் காட்டிப் பெண்ணையோ பிள்ளையையோ ஒதுக்காதீர்கள். ஐயம் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள், கடைவீதியில் கேட்காதீர்கள். உண்மையைச் சொல்லிய குடும்பத்திற்கு நாம் தண்டனை தந்தால், அடுத்த குடும்பம் உண்மையை மறைக்கும். மறைப்பவர்கள் மருத்துவரிடமும் மறைப்பார்கள். அதன் விலை ஓர் உயிர்.

இரண்டாவது, தாய்மார்களுக்கு. மார்பில் வலியில்லாத ஒரு கட்டி, தோலில் ஒரு சுருக்கம், காம்பில் நீர் அல்லது இரத்தக் கசிவு, அக்குளில் ஒரு கழலை, இவற்றில் எது தென்பட்டாலும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வலியில்லாததால் தீங்கில்லை என்று எண்ணாதீர்கள். வெட்கம் நம் மார்க்கத்தில் உயர்ந்த பண்பு, அதில் ஐயமில்லை. ஆயினும், சிகிச்சையின் தேவைக்காக மருத்துவரிடம் காட்டுவதை மார்க்கச் சட்டம் அனுமதித்தே இருக்கிறது. பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் காட்டுங்கள். கிடைக்காவிட்டால் கணவரோ மகனோ சகோதரியோ உடனிருக்க, ஆண் மருத்துவரிடம் காட்டுங்கள். பெண் மருத்துவர் கிடைக்கும்வரை ஆறு மாதம் காத்திருப்பது மார்க்கம் கேட்கும் தியாகம் அன்று.

மூன்றாவது, கணவன்மார்களுக்கு. மனைவி தயங்கித் தயங்கிச் சொல்லும் சொல்லை அலட்சியம் செய்யாதீர்கள். "பெருநாள் முடியட்டும், கல்யாணம் முடியட்டும், பள்ளி திறக்கட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். மார்பகப் புற்று ஆண்களுக்கும் அரிதாக வருவதுண்டு என்பதையும் அறிந்து கொள்ளுங்கள்.

நான்காவது, நிர்வாகக் குழுவினருக்கு. ஓராண்டுச் சிகிச்சை என்பது ஓராண்டுப் பயணம். மருந்துக்கு அரசுக் காப்பீடோ மருத்துவமனை உதவியோ கிடைத்தாலும், பேருந்துக் கட்டணமும் உடன் செல்பவரின் ஒருநாள் கூலியும் யார் தருவது? பாதியில் சிகிச்சையைக் கைவிடுவோர் பலரும் இச்சிறு செலவுகளால் தளர்ந்தவர்களே என்று நமக்குச் சொல்லித் தந்த மருத்துவர் வருந்தினார். நம் பைத்துல்மாலில் இதற்கென ஒரு தனிக் கணக்குத் தொடங்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் முன்மொழிகிறோம். பெறுபவரின் பெயர் பேரேட்டில் எழுதப்படலாம். ஆண்டறிக்கையில் அச்சிடப்படக் கூடாது.

நிறைவாக ஒரு சொல். அந்தத் தாயார் ஓராண்டுச் சிகிச்சையை நிறைவு செய்து, இன்று இறையருளால் நலமாக இருக்கிறார். மகளுக்கு வேறிடத்தில் மணமாயிற்று. அந்த நிக்காஹை நாமே நடத்தி வைத்தோம். ஆயினும் முறிந்த சம்பந்தத்தின் போது அந்தக் குடும்பம் அனுபவித்த வேதனைக்கு நம் நாவின் பலவீனமும் காரணம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் கேட்டு வருவதே ஆலிமுக்கு அழகு என்று நம் உஸ்தாதுமார்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். அன்று அதை மறந்தோம். தனிமையில் அந்தத் தந்தையிடம் மன்னிப்புக் கேட்டோம், அவர் மன்னித்தார். மௌனத்தின் தீங்கு சபையில் நேர்ந்ததால், இன்று இந்தச் சபையிலும் அதை ஒப்புக் கொள்கிறோம்.

நோயாளிகளுக்கு இறைவன் பூரண சுகத்தை வழங்குவானாக! அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையை வழங்குவானாக! அறியாததைப் பேசுவதிலிருந்து நம் நாவுகளையும், அறிந்ததைச் சொல்லாமல் விடுவதிலிருந்து நம் உள்ளங்களையும் காப்பானாக! ஆமீன்.